கொலோனின் தரையும் பல்லாவரத்தின் தரையும்

ரைன் நதிக்கரையில் இருக்கும் கொலோன் நகரில், 1941இல் பேராலயத்தை ஒட்டி விமானத் தாக்குதலுக்கான பதுங்குகுழி தோண்டினார்கள். அடியில் ஒரு ரோமானியச் செல்வரின் விருந்துக்கூடத் தரை வெளிப்பட்டது. மதுக்கடவுள் டயோனைசஸ் போதையில் தள்ளாடும் காட்சி, லட்சக்கணக்கான சிறு கற்களால் ஆனது. போருக்குப் பிறகு அந்தத் தரை இருந்த இடத்திலேயே ரோமானிய-ஜெர்மானிய அருங்காட்சியகத்தைக் கட்டி 1974இல் திறந்தார்கள். சதுக்கத்தில் நடந்து போகிறவர்கூட, சீட்டு வாங்காமல் கண்ணாடி வழியே அதைப் பார்க்க முடிந்தது.

சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று, ராணுவ அணிவகுப்புத் திடல் பக்கம் சரளை வெட்டிய குழியில், புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதரைப் பற்றிய ஆய்வு அந்தக் குழியில்தான் தொடங்கியது. அதே ஆண்டில் அவர் கண்ட அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கொலோன் நகருக்கு வயது இரண்டாயிரம்தான்.

வயதில் நாம் முந்துகிறோம் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி இல்லை. கிடைத்த பொருள் எங்கே போயிற்று என்பதே என் கேள்வி. ஃபுட்டின் சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பல்லாவரத்தில் எடுத்த, குட்டைக் கால்கள் வரிசையாகப் பொருத்திய சுடுமண் ஈமப்பேழையும் அங்கேதான் இருக்கிறது. ஊரில் மிஞ்சியவை மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் பொறித்த, இன்று தர்காவாக விளங்கும் குடைவரையும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள ஈமச்சின்ன நிலங்களும்.

அந்த நிலங்களை ஜமீன் பல்லாவரத்துக்காரர்கள் எப்படி அறிவார்கள்? வீடு கட்டத் தடையாகத்தான். 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டிய அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வாங்க வேண்டும். தடை தேவைதான், அது இல்லையென்றால் எல்லாம் அடுக்குமாடிகளுக்கு அடியில் போயிருக்கும். ஆனால் மாடியில் ஓர் அறை கட்டக்கூட அலைகிற குடும்பத்துக்கு, எதற்காக இந்த அலைச்சல் என்று காட்ட அங்கே ஒரு பொருளும் இல்லை. கொலோனில் 1960களில் ஒரு குடும்பத்து இளைஞர்கள் தங்கள் வீட்டடியில் தோண்டி, பொப்லிசியஸ் என்ற ரோமானியப் படைவீரரின் கல்லறைக் கற்களை எடுத்தார்கள். இன்று அந்தக் கல்லறை ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்துக்கு அந்நகர அருங்காட்சியகத்திலேயே எழுந்து நிற்கிறது. புதையுண்டதைத் தங்கள் சொத்தாக அந்த ஊர் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரளைக் கல்லுக்கு மொசைக்கின் கவர்ச்சி கிடையாது, உண்மை. ஆனால் ரீ அகழ்ந்த இன்னோர் ஊரான ஆதிச்சநல்லூரில், தாழிகள் புதைந்த குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு 2023 முதல் மக்களுக்குக் காட்டுகிறார்கள். பல்லாவரத்துக்கு அவ்வளவுகூட வேண்டாம். ரயில் நிலையத்தை ஒட்டி ஓர் அறை, எழும்பூரிலிருந்து சில கருவிகள், அந்த ஈமப்பேழையின் அச்சு அசலான பிரதி ஒன்று, குழி இருந்த பகுதியைக் குறிக்கும் ஒரு கல்வெட்டு. தாம்பரம் மாநகராட்சியும் தொல்லியல் துறையும் சேர்ந்தால் ஓர் ஆண்டு வேலை.