முத்தையா போட்ட கணக்கு

அமைச்சர் நாற்காலி பலரைச் சுமந்திருக்கிறது. அந்த நாற்காலியில் அமர்ந்து மக்களின் சுமையை இறக்கி வைத்தவர் சிலரே! அச்சிலருள் ஒருவர், வழக்கறிஞராயிருந்து அமைச்சரான எஸ்.முத்தையா முதலியார். அவர் போட்ட கணக்கை அறியாமல் தமிழகத்தின் சமூக நீதி வரலாற்றை அறிய முடியாது.

1912-ஆம் ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள், தோழர்களே! சென்னை மாகாணத்தில் மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அவருள் பார்ப்பனர் 93 பேர். துணை ஆட்சியர் 140 பேர். அவருள் பார்ப்பனர் 77 பேர். மக்கள் தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர்! உழுதவன் வரி கட்டினான். நெய்தவன் வரி கட்டினான். அந்த வரிப் பணத்தில் ஊதியம் பெறும் இடத்திலே அவன் மகனுக்கு இடமில்லை. கேட்டால், 'தகுதி' என்றனர். ஏட்டைத் தொடாதே என்று தடுத்துவிட்டு, எழுத்தறியாதவன் என்று ஏளனம் பேசுவது எந்த ஊர் நீதி?

நீதிக்கட்சி ஆட்சி 1921-லும் 1922-லும் வகுப்புவாரி ஆணைகளைப் பிறப்பித்தது. நோக்கம் உயர்ந்தது, ஆயினும், எத்தனை இடத்தில் எத்தனை எவர்க்கு என்ற எண் உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. எண் இல்லாத ஆணை, பூட்டில்லாத கதவு!

1928 மார்ச்சில், சைமன் குழு பற்றிய கருத்து வேற்றுமையால் டாக்டர் சுப்பராயன் அமைச்சரவையினின்று இருவர் விலகினர். முத்தையா உள்ளே வந்தார். சட்டத்தின் ஓட்டை எங்கிருக்கும் என்பதை வழக்கறிஞர் அறியாரா? அவ்வாண்டு ஆணையில் எண் ஏறிற்று. பன்னிரண்டு இடங்கள் எனில், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1. தம் பொறுப்பிலிருந்த பத்திரப் பதிவுத் துறையிலேயே அதனைச் செயற்படுத்திக் காட்டினார். பிறக்கும் குழந்தைகளுக்கு முத்தையா எனப் பெயரிடுங்கள் என்று பெரியார் எழுதினார் எனில், அதன் அருமை விளங்கும்.

எனினும், பகுத்தறிவாளர் எவரையும் பூசை மாடத்தில் வைப்பதில்லை. அந்தக் கணக்கிலும் குறையுண்டு. திருத்தணி அருகே, கைத்தறிக்குப் பெயர் பெற்ற அம்மையார்குப்பத்தை எண்ணிப் பாருங்கள். அந்நாளில் அது மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தறிக்குழியில் அமர்ந்தவனின் மகனும், நூறு வேலி நிலமுடையவனின் மகனும் அதே ஐந்து இடங்களுக்குப் போட்டியிட வேண்டும்! சேரியில் வாழ்ந்தவனுக்கோ பன்னிரண்டில் ஒன்றே. ஓமந்தூரார் ஆட்சியில், 1947-இல்தான், 14 இடங்களில் பிற்பட்ட இந்துக்களுக்குத் தனியே 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 2 என்று கணக்கு திருத்தப்பட்டது.

கல்லூரி இடங்களுக்கும் விரிந்த அந்த வகுப்புவாரி முறையை, 1951 ஏப்ரல் 9-இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. முன்சீப் பதவிகள் பற்றிய வழக்கிலும் அதே நாளில் தீர்ப்பு வந்தது. தமிழகம் கொதித்தது, பெரியாரின் முழக்கம் தில்லிக்கு எட்டியது. அவ்வாண்டு சூன் திங்களிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15(4) என்னும் பிரிவு பிறந்தது. சென்னை மாகாணத்துக் கணக்கொன்று, இந்திய நாட்டின் சட்டத்தையே வளைத்தது!

எல்லை மாறிற்று, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தினின்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. விழுக்காடும் மாறிற்று, 1994-இல், 69 விழுக்காட்டைக் காக்க 76-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. மாறாதது ஒன்றே: எண்ணிப் பார்த்தால்தான் அநீதி தெரியும்; எண்ணி ஒதுக்கினால்தான் நீதி நடக்கும்.

இளைஞனே! இன்று நீ அமரும் கல்லூரி இருக்கை எவரும் இரங்கி ஈந்ததன்று. கணக்குக் கேட்டுப் பெற்ற உரிமை. அந்தக் கணக்கில் இன்னும் இடம்பெறாதவன் எவன் என்று கேள். கேட்பதே முத்தையாவுக்கு நீ செலுத்தும் நன்றி!