வாயாலேயே வீடு தோண்டும், வாயிலேயே முட்டை காக்கும் ‘தாடை மீன்’: நம்ம ஏரி ஜிலேபிக்கு இது என்ன உறவு?

திருச்செங்கோடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, அர்த்தநாரீஸ்வரர் மலை. இன்னொன்று, ரிக் வண்டி. இந்தியாவின் எந்த மூலையில் போர் போட்டாலும் லாரியில் ஊர் பெயரைப் பாருங்க, பல நேரம் நம்ம பக்கத்து வண்டியாகத்தான் இருக்கும்.

ரிக்கில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நல்லாவே தெரியும். பாறையில் துளை போட்டால் அது அப்படியே நிற்கும். மேலே இருக்கிற பொலபொல மண்தான் தொல்லை. சரிந்து விழுந்து குழியை மூடிவிடும். அதனால்தான் கெட்டிப் பாறை வரும்வரை கேசிங் பைப் இறக்குகிறார்கள்.

இதே பிரச்சினையைக் கடலுக்கு அடியில், கையும் இல்லாமல் மிஷினும் இல்லாமல், வெறும் வாயை வைத்தே தீர்க்கிறது ஒரு மீன். அதுதான் தாடை மீன். அதே வாயில்தான் தன் முட்டைகளையும் வைத்துக் காக்கிறது. அதுவும் அம்மா இல்லை, அப்பா!

இந்த மீன் எப்படி வாழ்கிறது? எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது? கடலே இல்லாத நாமக்கல் மாவட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தாடை மீன் எப்படி இருக்கும்?

தலை பெரிது, கண் பெரிது, வாய் அதைவிடப் பெரிது. உடம்பு மட்டும் பின்னால் ஒல்லியாக நீண்டு போகும். மேல்தாடை எலும்பு கண்ணையும் தாண்டிப் பின்னால் நீள்கிறது. சில இனங்களில் ஆண் மீனுக்கு இந்த எலும்பு பெண்ணைவிட இன்னும் நீளம். தலையில் செதில் கிடையாது. உடம்பில் சின்னச் சின்ன வழவழப்பான செதில்கள் உண்டு.

பெரும்பாலான இனங்கள் நம் கை நீளத்துக்குள் அடங்கிவிடும். அட்லாண்டிக் பகுதியில், ஃப்ளோரிடா, கரீபியன் கடல்களில் வாழும் மஞ்சள்தலை தாடை மீன் சுமார் 10 சென்டிமீட்டர்தான். ஆனால் மெக்சிகோ பக்கம், கலிஃபோர்னியா வளைகுடாவில் இருக்கும் ராட்சத தாடை மீன் அரை மீட்டர் வரை வளரும்.

வெப்பமண்டலக் கடல்களில்தான் இவை வாழ்கின்றன. பவளப்பாறைக்குப் பக்கத்தில் மணலும் உடைந்த பவளத் துண்டுகளும் கலந்து கிடக்கும் தரைதான் பல இனங்களுக்குப் பிடித்த இடம். சில இனங்கள் ஆழமான கடலிலும் இருக்கின்றன.

வாயால் எப்படித் தோண்டுகிறது?

வேலை ரொம்ப எளிமையானது, ஆனால் முடிவே இல்லாதது. வாய் நிறைய மணலை அள்ளும். வளைக்கு வெளியே வந்து துப்பும். திரும்ப உள்ளே போகும். மறுபடி அள்ளும். இப்படியே தன் உடம்பு முழுசாக உள்ளே இறங்குகிற அளவுக்கு ஒரு குழி. அதன் அடியில் திரும்பிக்கொள்ள வசதியாகக் கொஞ்சம் அகலமான அறை.

ஆனால் மணலில் தோண்டிய குழி எத்தனை நேரம் நிற்கும்? இங்கேதான் ‘கேசிங்’ வருகிறது. சின்னக் கற்கள், சிப்பித் துண்டுகள், உடைந்த பவளம் என்று அக்கம்பக்கத்தில் கிடைப்பதை வாயில் கவ்விக்கொண்டு வந்து, வளையின் வாயைச் சுற்றியும் உள்சுவரிலும் ஒவ்வொன்றாக அடுக்கும். நம்ம தோட்டத்துக் கிணற்றில் மேல்மண் சரியாமல் இருக்கக் கல்கட்டுவோமே, அதே கதை.

நல்ல கல்லுக்குச் சண்டையும் நடக்கும். பக்கத்து வீட்டுக்காரன் அசந்த நேரம் பார்த்து அவன் கல்லைத் தூக்கிவருவதும் உண்டு. மஞ்சள்தலை தாடை மீன் ராத்திரியானால் ஒரு கல்லையோ சிப்பியையோ இழுத்து வாசலை அடைத்துவிட்டுத்தான் தூங்கும். காலையில் எடுத்து ஓரமாக வைக்கும். சாயங்காலம் கதவைச் சாத்துவது மாதிரிதான்.

பகலில் இந்த மீன் வளைக்கு மேலே கொஞ்ச தூரத்தில், வால் கீழே இருக்க, நட்டுவைத்த குச்சி போல நிற்கும். நீரோட்டத்தில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். ஆபத்து என்று தெரிந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. வாலை முன்னால் விட்டு அப்படியே பின்பக்கமாக வளைக்குள் இறங்கிவிடும். பெரிய இனங்கள் இப்படி மிதப்பதில்லை. வாசலில் தலையை மட்டும் நீட்டி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இரை வந்தால் ஒரே பாய்ச்சல்.

அப்போ நம்ம விரால், ஆரால் மாதிரியா?

இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஏரி வற்றும்போது சேற்றுக்குள் போய்ப் பதுங்கும் விராலையும், அடிமண்ணில் புதைந்து கிடக்கும் ஆராலையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அவை மண்ணுக்குள் ஒளிகின்றன, அவ்வளவுதான். சுவர் வைத்துக் கட்டுவதில்லை. தாடை மீன் தோண்டுவது நிரந்தர வீடு. அதைத் தினமும் பழுது பார்க்கும். சாப்பாடு, தூக்கம், ஜோடி சேர்வது, குஞ்சு பொரிப்பது எல்லாமே அந்த ஒரு வாசலைச் சுற்றித்தான். வளையை இழந்த தாடை மீன், திறந்த கடலில் யாருக்கு வேண்டுமானாலும் இரை.

முட்டைகளை அப்பா காப்பது எப்படி?

ஜோடி சேரும் காலத்தில் ஆண் மீன் வளைக்கு மேலே வந்து ஆடிக் காட்டும். கலிஃபோர்னியா வளைகுடாவின் நீலப்புள்ளி தாடை மீன் இந்த நேரத்தில் நிறத்தையே மாற்றி, முன்பாதி வெளுத்துப் பளிச்சென்று தெரியும். தூரத்தில் இருக்கும் பெண்ணுக்கு அதுதான் அழைப்பு.

பெண் முட்டையிட்டதும், நூற்றுக்கணக்கான முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிய அந்த உருண்டையை ஆண் வாயில் வாங்கிக்கொள்ளும். அம்மாவின் வேலை அதோடு முடிந்தது. மஞ்சள்தலை தாடை மீனில் முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு வாரம் முதல் ஒன்பது நாள் வரை ஆகும். அதுவரை முட்டைகள் அப்பாவின் வாயில்தான்.

சும்மா வைத்திருந்தாலும் போதாது. நடுவில் இருக்கும் முட்டைக்கும் பிராணவாயு போக வேண்டும். அதனால் அவ்வப்போது முட்டை உருண்டையை வாய்க்கு வெளியே தள்ளி, உடனே உள்ளே இழுத்துக்கொள்ளும். முட்டையைப் புரட்டிப் போடுவதும், புதுத் தண்ணீர் காட்டுவதும் ஒரே அசைவில் நடந்துவிடும். பொரிந்ததும் குஞ்சுகள் நீரோட்டத்தில் கலந்துவிடும். அதன்பிறகு அப்பா அவற்றைக் கவனிப்பதில்லை.

ஒன்றை யோசித்துப் பாருங்க. தோண்டுவதற்கும், தின்பதற்கும், சண்டைக்கும் இருக்கிற ஒரே கருவி அந்த வாய்தான். அதை முட்டைக்குக் கொடுத்துவிட்டால் மற்ற வேலை எல்லாம் தடைபடும். பாதுகாப்பான வளை ஒன்று இருப்பதால்தான் இந்த அப்பாவால் அப்படி வாயை அடைத்துக்கொண்டு இருக்க முடிகிறது.

விஞ்ஞானிகள் இதை எங்கே வைக்கிறார்கள்?

தாடை மீன்களின் குடும்பப் பெயர் ஓபிஸ்டோக்னாதிடே. இதில் முக்கியமான பேரினம் ஓபிஸ்டோக்னாதஸ். பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் குவியே 1816-ல் வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் ‘பின்னால்’, ‘தாடை’ என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும் தாடையைத்தான் பெயரே சொல்கிறது. ஸ்டாலிக்ஸ், லோன்கோபிஸ்தஸ் போன்ற சிறிய பேரினங்களும் உண்டு. ஸ்டாலிக்ஸ் மீன்களின் முதுகு முள்களில் நுனி கவட்டை போலப் பிரிந்திருக்கும். அதை வைத்தே அடையாளம் காணலாம். மொத்தமாக 80-க்கும் மேற்பட்ட இனங்கள் இந்தக் குடும்பத்தில் இருக்கின்றன.

இந்தக் குடும்பத்தை எதோடு சேர்ப்பது என்பதுதான் நீண்டகாலச் சிக்கல். ரொம்ப வருஷமாக ‘பெர்சிஃபார்மிஸ்’ என்ற பெரிய வரிசையில் போட்டு வைத்திருந்தார்கள். உண்மையில் அது, எங்கே வைப்பது என்று முடிவாகாத மீன்களையெல்லாம் போட்டு வைத்த கூடை மாதிரி ஆகியிருந்தது.

2012-ல் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் வெய்ன்ரைட்டும் அவருடைய குழுவும் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு புதிய பெருங்குழுவை முன்வைத்தார்கள். அதன் பெயர் ஓவலென்டேரியா. ‘ஒட்டும் முட்டைக்காரர்கள்’ என்று அர்த்தம். இந்தக் கூட்டத்தில் பல மீன்களின் முட்டைகளில் மெல்லிய ஒட்டு நூல்கள் இருக்கும். தாடை மீனின் முட்டைகள் உருண்டையாகச் சேர்ந்து நிற்பதும் அந்த நூல்களால்தான். கண்ணுக்குத் தெரிந்த தாடையைவிட, வாய்க்குள் மறைந்திருந்த முட்டைதான் சொந்தக்காரர்களைக் காட்டிக்கொடுத்தது!

இந்தக் கூட்டத்துக்குள் சரியான வரிசை எது என்பதில் இன்னும் ஒரே கருத்து இல்லை. சிலர் வரிசை சொல்லாமல் தனியே நிறுத்துகிறார்கள். சிலர் பிளென்னி என்ற சிறு பாறை மீன்களோடு சேர்க்கிறார்கள்.

ஜிலேபிக்கு என்ன உறவு?

ஓவலென்டேரியா கூட்டத்தில் இருக்கும் மற்றவர்கள் யார் தெரியுமா? மடவை, முரல், பறக்கும் கோலா, ‘நீமோ’ என்று குழந்தைகள் சொல்லும் கோமாளி மீன், கொசுப்புழுவைத் தின்பதற்காகத் தொட்டியில் விடும் கப்பி, கூடவே நம்ம ஜிலேபி!

ஆமாம், மேட்டூர் அணையிலும் காவிரியிலும் ஊர் ஏரிகளிலும் பிடிபடும் அதே ஜிலேபிதான். அது ஆப்பிரிக்க மீன். இந்தியாவுக்கு 1952-ல் கொண்டுவரப்பட்டது. ஏரியில் தண்ணீர் வடியும்போது அடிமண்ணில் தட்டு தட்டாக வட்டக் குழிகள் தெரிந்தால், அவை ஆண் ஜிலேபி வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டியவையாக இருக்கலாம். ஆனால் முட்டையை வாயில் காப்பது அங்கே அம்மா. தாடை மீனில் அப்பா.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘வாயில் முட்டை காக்கும், அதனால் உறவு’ என்று நினைத்துவிடக் கூடாது. கடல் கெளுத்தியிலும் ஆண் மீன்தான் கோலிக்குண்டு அளவு முட்டைகளை வாயில் சுமக்கும். ஆனால் அது இந்தக் கூட்டத்திலேயே கிடையாது. வாயில் காக்கும் பழக்கம் மீன்களில் பல தடவை தனித்தனியாக உருவானது. உறவைச் சொல்வது மரபணு.

நம்ம கடலில் தாடை மீன் உண்டா?

உண்டு. இந்தியப் பெருங்கடல் தாடை மீன்களில் ஒன்றுக்கு, செங்கடல் மீன்களை ஆராய்ந்த ஜெர்மானியர் ரூப்பெல் 1830-லேயே பெயர் வைத்துவிட்டார். அதன் பிறகும் வேலை முடியவில்லை. 2012-ல் ஸ்மித்-வேனிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும், இந்திய ஆய்வாளர்கள் பினீஷ், அகிலேஷ் இருவரும் சேர்ந்து இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியிலிருந்து ஒரு புதிய இனத்தை அறிவித்தார்கள். பெயர் ஓபிஸ்டோக்னாதஸ் பார்டஸ். பார்டஸ் என்றால் லத்தீனில் சிறுத்தை. 2023-ல் அதே ஸ்மித்-வேனிஸ், இந்தியப் பெருங்கடல் முதல் மேற்கு பசிபிக் வரை உள்ள ஓபிஸ்டோக்னாதஸ் மீன்களை மறுபடி ஆராய்ந்து, ஒரே நூலில் 18 புதிய இனங்களுக்குப் பெயர் கொடுத்தார்.

அதாவது, இருநூறு வருஷமாகப் பட்டியல் போட்டும் இந்தக் குடும்பத்தை முழுசாக எண்ணி முடிக்கவில்லை.

நாமக்கல்லுக்கு என்ன சம்பந்தம்?

இதுதான் முக்கியமான இடம். இழுவலை கடல் தரையை உரசிக்கொண்டு போகும்போது இறாலோடு சேர்த்து எல்லாமே வலைக்குள் வரும். விலை போகாத சின்ன மீன்களைக் கடற்கரையில் ‘கழசல்’ என்று ஒதுக்குவார்கள். அது மணலில் காய்ந்து, பொடியாகி, கோழித் தீவனத்துக்குப் போகிறது. கோழிப்பண்ணைகளின் தலைநகரமான நாமக்கல் அதன் பெரிய சந்தைகளில் ஒன்று. மக்காச்சோளம், சோயாவோடு புரதத்துக்காகக் கருவாட்டுத் தூளும் தீவனத்தில் சேரும்.

கழசல் குவியலில் இருப்பவை வெறும் ‘சின்ன மீன்’ இல்லை. வளர்ந்தால் விலை போகக்கூடிய குஞ்சுகளும் இருக்கும், தரையில் வாழும் பெயர் தெரியாத இனங்களும் இருக்கும். தாடை மீனைப் பொறுத்தவரை இழப்பு இரண்டு மடங்கு. வலையில் சிக்கினால் மீன் போகும். சிக்காமல் வளைக்குள் தப்பினாலும், வலை உரசிப் போன தரையில் கல் அடுக்கிய வாசல் கலைந்துபோகும். வாயில் முட்டையோடு இருக்கும் அப்பா சிக்கினால் ஒரு தலைமுறையே சேர்ந்து போகும்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறதே, அது மீன்கள் இனப்பெருக்கம் செய்ய அவகாசம் கொடுக்கத்தான். தடைக்காலத்தில் மீன் விலை ஏறுதே என்று நாம் சலித்துக்கொள்வது வழக்கம். ஆனால் அந்த இரண்டு மாதமும், இழுவலை ஓடாத தரையில் தாடை மீன் அடுக்கிய கல் அடுக்கினபடியே இருக்கும்.

அம்மையும் அப்பனும் ஒரே உடம்பில் பாதிப்பாதியாக நிற்கிற மலையடிவாரத்து ஊர் நம்முடையது. குழந்தையைச் சுமக்கிற அப்பா ஒருத்தர் கடலடியில் இருக்கிறார் என்றால் இங்கே யாரும் பெரிசாக ஆச்சரியப்பட மாட்டார்கள். அடுத்த தடவை தீவன மூட்டையைப் பிரிக்கும்போது கருவாட்டு வாசம் வந்தால் மட்டும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க: அந்தத் தூளில் என்னென்ன மீன் இருந்தது என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.