ரோப்ஷாவில் பிறந்த நீர்

அந்தத் தண்ணீருக்குப் பிறந்த ஊர் ரோப்ஷா. ரஷ்யாவில், பின்லாந்து வளைகுடாவின் தென்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மேட்டு நிலம். அங்கே ஊறி, ஓடையாய் வழிந்து, கேட்பாரற்றுக் கிடந்த நீருக்கு 1721-இல் அரண்மனை வேலை கிடைத்தது.

பேரரசர் பீட்டர் 1717-இல் வெர்சாய் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே சேன் ஆற்று நீரை மேலேற்ற 14 ராட்சதச் சக்கரங்கள் உழைத்தன. அப்படியும் எல்லா நீரூற்றுகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிடத் தண்ணீர் போதவில்லை. பீட்டர் தன் கடலோர அரண்மனையான பீட்டர்ஹாஃபுக்கு வேறு வழி தேடினார். வாசிலி துவோல்கோவ் என்ற பொறியாளர் ரோப்ஷா மேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார். இறைக்க ஆளும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். நீர் பள்ளத்தை நாடும் என்ற ஒரே நம்பிக்கைதான் முதலீடு.

கால்வாயில் சாதுவாக வந்து, குளங்களில் இளைப்பாறும் நீர், குழாய்க்குள் நுழைந்ததும் குணம் மாறுகிறது. குழாயில் இறங்கும் உயரமெல்லாம் அழுத்தமாகி, குறுகிய வாயைக் கண்டதும் சீறுகிறது. அரண்மனைக்குக் கீழே, பொன்முலாம் பூசிய சாம்சன் சிலை பிளக்கும் சிங்கத்தின் வாயிலிருந்து சுமார் 20 மீட்டர் எழும்புகிறது. சிங்கம் சுவீடனின் சின்னம். 1709-இல் பொல்தாவா போரில் ரஷ்யாவிடம் சுவீடன் தோற்றது புனித சாம்சனின் திருநாளில்.

1735-இல் வைத்த சாம்சன் ஈயத்தால் ஆனவர். அவர் நைந்துபோக, சிற்பி கொஸ்லோவ்ஸ்கி வெண்கலத்தில் ஒருவரை வடித்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் அரண்மனை எரிந்து கூடானது. சாம்சன் காணாமலே போனார். 1946-இல் நீரூற்றுகள் மீண்டும் பாய்ந்தபோது அவர் இடம் காலி. பழைய புகைப்படங்களைப் பார்த்து வாசிலி சிமோனோவ் உருவாக்கிய மூன்றாவது சாம்சன் 1947-இல் வந்து நின்றார்.

ஆக, கப்பலில் வந்து இறங்கும் பயணிகள் படமெடுப்பது மூன்றாம் சாம்சனை. அண்ணாந்து பார்ப்பது திரும்பக் கட்டிய அரண்மனையை. பீட்டர் பார்த்தபடியே இன்றும் இருக்கின்றன அந்தச் சரிவும், அதில் இறங்கிவரும் நீரும்.

சீறி விழுந்த நீர் அங்கே தங்குவதில்லை. தோட்டத்தை நேர்கோடாய்ப் பிளக்கும் கால்வாய் வழியே கடலில் கலக்கிறது. மாலையில் கப்பல் புறப்படும்போது, பகலில் பயணிகளின் முகத்தில் தெறித்த நீரில் கொஞ்சம் வளைகுடாவில் அலைந்துகொண்டிருக்கும்.