உரிமம் கேட்ட விளையாட்டு



பெற்றோர் சந்திப்பு நாள்களில் நான் மிகுதியாகக் கேட்கும் முறையீடு வீடியோ விளையாட்டைப் பற்றியதுதான். பிள்ளை புத்தகத்தைத் தொடுவதில்லை, தேர்வு என்றால் ஓடி ஒளிகிறான், விளையாட்டு என்றால் நள்ளிரவு வரை விழித்திருக்கிறான் என்பார்கள். அந்த முறையீட்டில் உண்மை உண்டு, மறுக்க மாட்டேன். ஆயினும், பிள்ளைகளைத் தேர்வுக்கு உட்காரவைத்த ஒரு விளையாட்டும் வரலாற்றில் உண்டு. தேர்ச்சி பெறாதவரை அது பந்தயத்திற்கே அனுமதிக்கவில்லை. அந்த விளையாட்டின் கதையையும், அது கற்பித்தவை, கற்பிக்காமல் விட்டவை ஆகியவற்றையும் இங்கே எழுத விழைகிறேன்.

‘கிரான் டுரிஸ்மோ’ என்பது அதன் பெயர். 1997-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், சோனி நிறுவனத்தின் முதல் பிளேஸ்டேஷன் கருவிக்காக ஜப்பானில் வெளிவந்தது. இத்தாலிய மொழியில் இப்பெயருக்குப் ‘பெரும் பயணம்’ என்று பொருள் கொள்ளலாம். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் செல்வர் வீட்டு இளைஞர்கள் கல்வியை நிறைவு செய்யும்பொருட்டு மேற்கொண்ட நெடும்பயண மரபோடு தொடர்புடைய சொல் அது. பின்னாளில் நெடுந்தொலைவை விரைவாகவும் சொகுசாகவும் கடக்கும் மகிழுந்துகளுக்கு ஆகிவந்தது. கல்வியோடு உறவுடைய பெயர் இவ்விளையாட்டுக்கு வாய்த்தது பொருத்தமே.

மகிழுந்துப் பந்தய விளையாட்டுகள் அதற்கு முன்பும் இருந்தன. 1982-இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘போல் பொசிஷன்’ ஜப்பானின் ஃபூஜி பந்தயத் தடத்தைத் திரையில் காட்டியது. 1993-இல் அதே நிறுவனத்தின் ‘ரிட்ஜ் ரேசர்’ வந்தது. இவை காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களில் பிறந்தவை. கூடத்து இயந்திரத்தின் இலக்கணமே வேறு. ஆடுபவருக்குச் சில நிமிடங்களில் பரபரப்பைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அடுத்த காசு விழ வேண்டும். அங்கே ஒருவரை நிறுத்திவைத்துப் பாடம் நடத்த முடியாது. வீட்டுக் கருவிக்கு அந்த அவசரம் இல்லை. மேலும், பிளேஸ்டேஷனில் 128 கிலோபைட் கொள்ளளவுள்ள நினைவட்டை ஒன்றைச் செருகலாம். இன்று ஆடியதை நாளை தொடரலாம். தேர்வும் தேர்ச்சியும் உரிமமும் கொண்ட ஒரு விளையாட்டு பிறப்பதற்கு அச்சிறு அட்டை பெருந்துணை செய்தது என்பது என் கருத்து.

இதனை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி 1967-இல் பிறந்தவர். உண்மையான மகிழுந்துகள் உண்மையாகவே ஓடும் விளையாட்டு ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் முதலில் அவர் வெளியிட நேர்ந்தது, கேலிச்சித்திர வண்டிகள் ஓடும் ‘மோட்டார் டூன் கிராண்ட் பிரி’ எனும் 1994-ஆம் ஆண்டு விளையாட்டு. மறுபுறம், சிறியதொரு குழுவோடு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கிரான் டுரிஸ்மோவுக்காக உழைத்தார். அக்காலத்தில் ஆண்டுக்கு நான்கு நாள்கள்தான் வீட்டில் இருந்திருப்பேன் என்று பின்னாளில் அவர் கூறியதுண்டு. (பிள்ளைகள் விளையாட்டில் மூழ்குகிறார்கள் என்று வருந்துகிறோம், செய்தவர் மூழ்கிய ஆழம் அதைவிட மிகுதி.) அவருக்குக் கிடைத்த கருவியின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒற்றைப் படம்கூடப் பெரும்பாலும் அதற்குள் அடங்காது. அதற்குள்தான் ஏறத்தாழ 140 மகிழுந்துகளையும் 11 தடங்களையும் கொண்ட விளையாட்டை ஓடச் செய்தார்கள்.

இனித் தேர்வுக்கு வருவோம். பி, ஏ, அனைத்துலக ஏ என மூன்று உரிமங்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டுத் தேர்வுகள். தொடக்கத் தேர்வு மிக எளியது போலத் தோன்றும். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேர்ச்சாலையில் குறிப்பிட்ட தொலைவு சென்று, கோடிட்ட இடத்திற்குள் வண்டியை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால், அதற்கு முன் பந்தய விளையாட்டுகளில் பிரேக் என்ற பொத்தானை ஏறெடுத்தும் பாராத பிள்ளை இங்கே கோட்டைத் தாண்டிப் போய் நிற்பான். அடுத்து ஒரே ஒரு வளைவு. தடத்தை விட்டு வெளியேறினால் தோல்வி. மீண்டும் தொடக்கம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கங்களும் உண்டு. தேர்ச்சி பெற்ற பின்னரும் தங்கத்திற்காக அதே வளைவை நூறு முறை ஓட்டியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். ஒரே கணக்கை இரண்டாம் முறை செய்யச் சொன்னால் முகம் சுளிக்கும் வயதினர் அவர்கள்!

அந்த ஒற்றை வளைவில் கற்பிக்கப்பட்டது என்ன? பிரேக்கை மிதித்தால் வண்டியின் பாரம் முன் சக்கரங்களின்மேல் சாய்கிறது. டயர் தரையைப் பற்றும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த ஆற்றல் முழுவதையும் வேகத்தைக் குறைப்பதிலேயே செலவிட்டுவிட்டால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். ஆகவே, வளைவுக்கு முன்பே நேர்க்கோட்டில் வேகத்தைக் குறைத்து, உள்விளிம்பைத் தொட்டு, வெளியேறும்போது படிப்படியாக வேகத்தைக் கூட்ட வேண்டும். இஃது இயற்பியல் பாடம். விளையாட்டின் தடங்கள் அனைத்தும் கற்பனையே என்றாலும், அவற்றில் செயற்பட்ட இந்த விதி கற்பனையன்று.

பி உரிமம் பெற்றவுடன் பளபளக்கும் பந்தய வண்டியும் கிடைத்துவிடாது. கையில் 10,000 கிரெடிட் பணம் இருக்கும். அதைக் கொண்டு பழைய மகிழுந்து ஒன்றை வாங்கி, ‘சண்டே கப்’ எனும் சிறு பந்தயத்தில் ஓடி, பரிசுப் பணத்தைச் சேர்த்து வண்டியை மேம்படுத்த வேண்டும். முன்சக்கர இயக்கம், பின்சக்கர இயக்கம், நான்கு சக்கர இயக்கம் என ஒவ்வொரு வகைக்கும் தனிப் பந்தயங்கள் இருந்தன. 1990-களின் இறுதியில் நம் நாட்டு இரவுச் சந்தைகளில் விளையாட்டுகளின் திருட்டுக் குறுவட்டுகள் மலிந்து கிடந்தன. பல வீடுகளுக்கு இவ்விளையாட்டும் அவ்வழியே வந்து சேர்ந்தது என்பது பெருமைப்படத்தக்கதன்று. அக்காலத்தில் என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் முன்சக்கர இயக்கம் என்றால் என்ன என்பதை, மேசைமேல் இரண்டு அழிப்பான்களை வைத்து எனக்கு விளக்கினான். ஒன்றை முன்னாலிருந்து இழுத்தான். மற்றொன்றைப் பின்னாலிருந்து தள்ளினான். அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றளவும் கேட்டதில்லை.

விளையாட்டின் செல்வாக்கு வீட்டோடு நிற்கவில்லை. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் மகிழுந்தை அதன் நிறுவனம் அமெரிக்காவில் விற்றதே இல்லை. எனினும், அந்நாட்டு இளைஞர் பலர் அதனைத் திரையில் ஓட்டியே அறிந்து, அதன்மீது தீராத ஆசை கொண்டார்கள். இவ்விளையாட்டு உலகெங்கும் 1 கோடியே 8 இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையானது.

ஆனால் ஒரு பாடம் விடுபட்டிருந்தது. அக்குறுவட்டில் மகிழுந்துகள் சிதைவதில்லை. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் வண்டி ஒரு துள்ளு துள்ளிவிட்டுத் தொடர்ந்து ஓடும். பிள்ளைகள் இதை விரைவிலேயே கண்டுகொண்டார்கள். வளைவில் பிரேக் பிடிப்பதைவிடச் சுவரோரமாக உரசிக்கொண்டு போவதும், முன்னே செல்பவரின் வண்டியில் மோதி வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் அவர்களுக்கு எளிய உத்திகளாயின. உரிமத் தேர்வில் நுட்பத்தைக் கற்பித்த விளையாட்டே, பந்தயத்தில் அதை மறக்கவும் இடம் கொடுத்தது. இவ்வரிசையில் வண்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி நசுங்கத் தொடங்கியது 2010-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான். பதின்மூன்று ஆண்டுகள் நெடிய காலம்.

இதற்கிடையே, திரையில் கற்றது தரையில் செல்லுமா என்ற வினாவுக்கு விடை காண 2008-இல் சோனியும் நிசானும் இணைந்து ‘ஜிடி அகாடமி’ எனும் போட்டியைத் தொடங்கின. விளையாட்டில் சிறந்தோரைத் தேர்ந்து உண்மையான பந்தய ஓட்டுநர்களாக்குவது அதன் நோக்கம். முதல் வெற்றியாளர் ஸ்பெயின் நாட்டு லூகாஸ் ஓர்டோனியெஸ், 2011-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் அணியோடு இரண்டாம் இடம் பெற்றார். 2011-இல் ஜிடி அகாடமியில் வென்ற பிரித்தானிய இளைஞர் யான் மார்டன்பரோ, 2013-இல் அதே பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாம் இடம் கண்ட அணியில் ஒருவர். தேர்வும் பயிற்சியும் வீண்போகவில்லை.

2015-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் மார்டன்பரோ ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குத் தடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் 2004-இல் வெளிவந்த நான்காம் பதிப்பிலிருந்தே இவ்விளையாட்டில் இடம்பெற்றிருந்தது. ‘ஃப்ளுக்பிளாட்ஸ்’ எனும் மேட்டில் அவருடைய வண்டியின் முன்பகுதி காற்றில் எழுந்தது. வண்டி உருண்டு வேலியைத் தாண்டிப் பார்வையாளர் பக்கம் விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் காயமுற்றனர். மார்டன்பரோ உயிர் பிழைத்தார். அதன்பின் அத்தடத்தின் சில பகுதிகளில் பந்தயக்காரர்களுக்கே வேகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

2023-இல் வெளிவந்த ‘கிரான் டுரிஸ்மோ’ திரைப்படம் மார்டன்பரோவின் வாழ்வைக் கூறுகிறது. உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்கக்கூடும். அப்படத்தில் இவ்விபத்து லெ மான் வெற்றிக்கு முன்னர் நிகழ்வதாகக் காட்டப்படுகிறது. துயரிலிருந்து மீண்டு வெற்றி மேடை ஏறும் வீரனின் கதையாக அது முடிகிறது. உண்மையில் வெற்றி மேடை 2013, விபத்து 2015. பிள்ளைகளோடு அமர்ந்து அப்படத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டினால், அந்த இரண்டு ஆண்டுகளையும் அவர்களுக்கு வரிசைப்படுத்திச் சொல்லுங்கள்.