தேய்மானம் எழுதாத சொத்து

1909ல் அமெரிக்க அரசின் மண் ஆய்வுத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் சொத்துகளிலேயே அழியாதது, எவ்வளவு எடுத்தாலும் தீராதது மண்தான் என்பது அதன் கருத்து. கணக்குப் புத்தகத்தின் பாஷையில் சொன்னால், தேய்மானமே எழுத வேண்டாத சொத்து!

அதே துறையில் வேலை பார்த்த ஒருவருக்கு இது உறுத்தியது. அவர் பெயர் ஹ்யூ ஹாமண்ட் பென்னெட். 1905ல் வர்ஜீனியா மாநிலத்தில் மண் ஆய்வுக்குப் போனபோது அடுத்தடுத்து இருந்த இரண்டு நிலங்களைப் பார்த்திருந்தார். ஒன்று காடு. மண் ஈரமாக, பொலபொலவென்று இருந்தது. மற்றது பலகாலம் உழுத வயல். அங்கே இறுகிப்போன களிமண். இரண்டும் ஆதியில் ஒரே மண்தான். வயலின் மேல்மண்ணை மட்டும் மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போயிருந்தது. பள்ளம் விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். தாள் தாளாக உரிந்து போனால் யாருக்குத் தெரியும்?

சரி, எவ்வளவு போகிறது? இதற்குப் பதில் சொல்ல அளக்க வேண்டும். 1917ல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் சரிவான நிலத்தைச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் வழியும் தண்ணீரையும் மண்ணையும் கீழே தொட்டியில் பிடித்தார்கள். 14 ஆண்டுக் கணக்கு திடுக்கிட வைத்தது. வருடாவருடம் மக்காச்சோளமே போட்டால் 7 அங்குல மேல்மண் சுமார் 50 ஆண்டில் காலி. அதே நிலத்தில் புல் இருந்தால் அதே 7 அங்குலம் போக சுமார் 3,000 ஆண்டு ஆகும்.

1930களில் சமவெளி மாநிலங்களில் புழுதிப் புயல்கள் கிளம்பின. அது மழையல்ல, காற்று செய்த வேலை. ஆனால் மண்ணுக்கும் அழிவு உண்டு என்று நாட்டுக்கே புரிய வைத்தது அதுதான். 1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த துறைக்குத் தலைவர் பென்னெட்.

மாநிலம் மாநிலமாகச் சேர்ந்த பாத்திக் கணக்குகளை ஒன்றாக்கும் வேலை 1954ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பொறுப்பேற்றவர் வால்டர் விஷ்மயர் என்ற புள்ளியியலாளர். 1965ல் அவரும் ட்வைட் ஸ்மித்தும் ஒரு சூத்திரத்தைப் புத்தகமாக வெளியிட்டார்கள். மழையின் வேகம், மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளம், சாய்வு, பயிர், தடுப்பு முறை. இந்த ஆறையும் பெருக்கினால் ஓர் ஆண்டில் சராசரியாக எவ்வளவு மண் போகும் என்று தெரியும்.

இதில் மண்ணின் பங்குக்கு 'கே' என்று பெயர். எல்லா மண்ணையும் ஒரே தராசில் வைக்க ஓர் அளவுப் பாத்தியை வைத்துக்கொண்டார்கள்: நீளம் 72.6 அடி, சாய்வு 9 சதவீதம், பயிரே இல்லாமல் மேலிருந்து கீழாக உழுத வெற்று நிலம்.

எந்த மண் சீக்கிரம் கரையும்? மணல் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் மணலில் தண்ணீர் இறங்கிவிடும். இழுத்துப்போக மேலே அதிகம் ஓடாது. களிமண்ணோ ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மாட்டிக்கொள்வது நடுவில் இருக்கும் வண்டல் துகள்தான். ஒட்டவும் ஒட்டாது, கனமும் கிடையாது. வண்டலும் மிக நுண்மணலும் எவ்வளவு, மற்ற மணல் எவ்வளவு, மட்கு எவ்வளவு, மண்ணின் கட்டமைப்பு என்ன, நீர் இறங்கும் வேகம் என்ன என்ற ஐந்தும் தெரிந்தால் 'கே' மதிப்பைப் படித்துச் சொல்லும் வரைபடத்தை 1971ல் விஷ்மயர் குழு கொடுத்தது. வருடக்கணக்கில் தொட்டி வைத்துக் காத்திருக்க வேண்டிய வேலை, ஒரு பிடி மண்ணைச் சோதிக்கும் வேலையாகச் சுருங்கியது.

பாறை மட்டும் அழியாததா என்ன? 1995ல் ஜார்ஜ் அனன்டேல் பாறைக்கும் ஒரு குறியீடு வகுத்தார். கல்லின் வலிமை மட்டும் போதாது. விரிசல்கள் எத்தனை, எந்தத் திசையில், எவ்வளவு இறுக்கம் என்றும் பார்க்க வேண்டும். பிறகு அதைப் பாயும் நீரின் ஆற்றலோடு ஒப்பிட வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கலிஃபோர்னியாவின் ஓரோவில் அணை 1968ல் கட்டி முடிந்தது. அதன் அவசர வழிந்தோடிக்குக் கீழே கான்கிரீட் போடாத மலைச்சரிவு. 2005ல் சில சுற்றுச்சூழல் அமைப்புகள் அங்கே கான்கிரீட் போடக் கேட்டன. தேவையில்லை என்று முடிவானது. 2017 பிப்ரவரியில் முதல் முறையாக அதன் வழியே தண்ணீர் வழிந்தது. கொள்ளளவில் ஒரு சிறு பங்குதான். அதற்கே சிதைந்த பாறை அரிபட்டு, பள்ளம் வழிந்தோடியின் சுவரை நோக்கி ஏறியது. ஏறக்குறைய 1,88,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

1909ல் மண்ணுக்கு எழுதாமல் விட்ட தேய்மானத்தை, நூறாண்டு கழித்து ஒரு மலைச்சரிவுக்கும் எழுதாமல் விட்டார்கள். கணக்கில் எழுதாவிட்டாலும் தேய்கிறது தேய்ந்துகொண்டுதான் இருக்கும்.