தூரத்துக்குத்தான் விலை: கேமராவும் பழவேற்காடும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பொறுமையாகப் படியுங்கள்.

"கேமரா எல்லாம் காசு இருக்கிறவனுக்கு" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். மெட்ராஸ் அரசாங்கமே ஒருகாலத்தில் அப்படித்தான் சொன்னது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை மாகாணத்தின் புகைப்படக்காரராகக் கும்பினி அரசு வைத்திருந்தது. 1857 டிசம்பர் முதல் சில மாதங்கள் அவர் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பெரிய கேமரா, மெழுகு தடவிய காகித நெகடிவ், ரசாயனம் எல்லாம் மாட்டு வண்டிகளில் போயின. தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரை மண்டபங்களையும் எடுத்த அந்தப் படங்கள் இன்றைக்கும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன், இது நம் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சர்க்காருக்கே கட்டுபடியாகாத சாமான் அது!

அது சாமானியன் கைக்கு வர நாற்பது வருடம் ஆயிற்று. 1900-ல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனி ஒரு டாலருக்கு பிரௌனி என்ற பெட்டிக் கேமராவை விற்றது. நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களுக்கு அந்த இடத்தைப் பிடித்தது அக்ஃபா கிளிக்-3. பரோடாவில் செய்தது, பிளாஸ்டிக் உடம்பு. வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி, ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். பன்னிரண்டுதான் என்பதால் ஒரு கல்யாணத்துக்கு எத்தனை, காதுகுத்துக்கு எத்தனை என்று வீட்டில் பங்கு பிரிப்பார்கள். நம் ஊட்டியில் 1960-ல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967 முதல் ஃபிலிம் தயாரித்தது. 'இந்து' என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளைச் சுருள் அங்கே செய்ததுதான். டிஜிட்டல் வந்தபின் அந்த ஆலை நலிந்து மூடப்பட்டது தனிச் சோகம். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர் பற்றி ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் இறக்கும்வரை 46 வருடம் எழுதியவர். பத்மஸ்ரீ வாங்கியவர். அப்படிப்பட்டவர் கையில் என்ன கேமரா இருந்திருக்கும்? ஒரு கம்பெனியின் உடம்பு, இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், மற்ற பாகங்கள் எங்கெங்கிருந்தோ வந்தவை. எல்லாவற்றையும் தாமே பொருத்திக்கொண்டார். அந்தக் கனத்த கூட்டுச் சரக்குக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். யானைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பாருங்கள், தோலின் சுருக்கத்தைக்கூட எண்ணலாம். யானை எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் என்னிடம் படித்தவரின் மகன், கல்லூரி முடித்தவன், போன வாரம் போனில் கேட்டான்: "சார், பூநாரை எடுக்க 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். அம்மா மகளிர் குழுவுல கடன் எடுத்துத் தரேன்னு சொல்றாங்க." அந்த லென்ஸ் லட்ச ரூபாய் அளவில் போகும். வாரா வாரம் தவணை கட்டப்போவது கூடை சுமக்கும் அவன் அம்மா. எனக்குத் தூக்கம் வரவில்லை.

பூநாரைக்குச் சின்ன லென்ஸ் போதும் என்று அவனிடம் நான் பொய் சொல்லவில்லை. போதாது. ஏரி பெரும்பாலும் ஆழமில்லாத இடம், படகு தட்டும். ஆள் கிட்டே போனால் பறவை எழுந்துவிடும். பனிக்காலத்தில் வாடகைக்குப் படகு எடுத்து வருகிறவர்கள் அந்த நீளமான லென்ஸுக்குக் கொடுப்பது தூரத்துக்கான விலை. அவர்களுக்கு வேறு வழியில்லை, வெளியூர்க்காரர்கள்.

ஆனால் இவன் உள்ளூர்க்காரன். கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. இருளர் பெண்கள் தண்ணீரில் அமிழ்ந்து கையால் தடவி இறால் பிடித்து, பல்லால் கடித்துத் தொங்கவிட்ட பறியில் போடுகிறார்கள். முஸ்லிம் பெண்கள் பனையோலையில் கூடை முடைகிறார்கள். இங்கெல்லாம் ஐந்தடி தூரத்தில் இவனை நிற்க விடுவார்கள். வெளியூர்க்காரன் லட்சம் கொடுத்தாலும் அந்த ஐந்தடி கிடைக்காது.

அதற்கு எது வேண்டும்? வெளிச்சம் வாங்கும் லென்ஸ். நம் ஆட்களின் வேலை விடியலுக்கு முன் தொடங்குகிறது. கேமராவோடு வரும் 18–55 லென்ஸ், 50-க்குப் பக்கத்தில் போனால் எஃப் 5.6 வரைதான் திறக்கும். பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் அதைவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். (கணக்கு வாத்தியார் புத்தி போகாது.) மீன் ஏலத்தில் ஒரு விளக்கு வெளிச்சம் இருந்தால் போதும், முகம் விழும்.

பழைய சரக்கு வாங்கவும் இது நல்ல காலம். நிகான் கம்பெனி 1959-ல் கொண்டுவந்த அதே மாட்டும் வளையத்தை டிஜிட்டல் எஸ்எல்ஆர் வரை வைத்திருந்தது. 2018-ல் கண்ணாடி இல்லாத கேமராவுக்குப் புது வளையம் வந்ததும், பலர் பழையதை விற்கத் தொடங்கினார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நிகானின் மலிவு உடம்புகளான 3000, 5000 வரிசையில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். வாங்குமுன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திக்கூடு மாதிரித் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். நம் உப்புக் காற்றில் நல்ல லென்ஸே பூஞ்சை பிடிக்கும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பீரோவில் துணிகளுக்கு நடுவே வேண்டாம்.

"அதெல்லாம் யார் சார் பார்ப்பாங்க, பறவைக்குத்தான் லைக் வரும்" என்றான். அவனுக்கு எம். பழனிகுமாரைப் பற்றிச் சொன்னேன். மீன் விற்ற தாயின் மகன், மதுரைப் பக்கத்துக்காரர். மலக்குழி அவலத்தைக் காட்டிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பாரி என்ற கிராமப்புற ஆவணக் களஞ்சியத்தில் புகைப்படக்காரராக இருக்கிறார். தயானிதா சிங் – பாரி விருது 2022-ல் முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. ராமநாதபுரக் கடலில் பாசி எடுக்கும் பெண்களை அவர் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். நாகப்பட்டினத்து மீனவப் பெண்களுக்கு அவரே கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் எடுத்த படங்களும் வெளிவந்திருக்கின்றன. அவை துறைமுகத்தில் வலையோடும் கூடையோடும் நிற்கும் தங்கள் ஆட்களின் படங்கள்.

பையன் இப்போதைக்குக் கடன் எடுக்கவில்லை. பழைய உடம்பு ஒன்றும் 50 லென்ஸும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். பூநாரை ஆசை அவனை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம். கையில் காசு சேர்ந்ததும் பழைய 70–300 ஒன்று பார்ப்போம்.

இனி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் குரூப் போட்டோ எடுத்தோம், நினைவிருக்கிறதா? பிரதிக்குக் காசு கொடுக்க முடியாமல் எத்தனையோ பிள்ளைகள் வாங்காமல் போனார்கள். பல வீடுகளில் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லை. உங்களில் யாரிடமாவது அந்த குரூப் போட்டோக்களோ, கிளிக்-3 காலத்துக் குப்பத்துப் படங்களோ, பழைய படகுத்துறைப் படங்களோ இருந்தால், பகல் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.