இராயபுரம் ரயில் நிலையக் கட்டடம்

சென்னையின் வடபகுதியில் உள்ள இராயபுரம் ரயில் நிலையக் கட்டடம், 1856ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இந்தியாவில் இன்றும் நிலைத்திருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களுள் இதுவே மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்தில் (1837–1901) கட்டப்பட்டதெனினும், அக்காலத்துக்குரியவை எனப் பலரும் எண்ணும் கோபுரமோ குவிமாடமோ இதில் இல்லை.

தோற்றம்

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடியது. அதே ஆண்டில் சென்னையிலும் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி இருப்புப்பாதைப் பணியைத் தொடங்கியது. முனையத்துக்கு இராயபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வணிகர்கள் நிறைந்த கருப்பர் நகரமும் (இன்றைய ஜார்ஜ் டவுன்) கடற்கரையும் அதற்கு அருகில் இருந்தன. அப்போது சென்னையில் துறைமுகம் கட்டப்படவில்லை. கப்பல்கள் கடலில் நிற்க, மசூலாப் படகுகளே சரக்கைக் கரைசேர்த்தன.

1856 ஜூன் 28 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள வாலாஜா ரோடு வரை பயணிகள் ரயில் ஓடியது. அந்நாளில் அந்நிலையம் ஆற்காடு என்னும் பெயரால் வழங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இதுவே.

கட்டட அமைப்பு

நீண்டு, தாழ்வாக அமைந்த கட்டடம் இது. முகப்பில் உயரமான தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றிய செவ்வியல் பாணி இது. ரயில் நிலையம் என்பது அன்று புதிய வகைக் கட்டடம். அதற்கென்று தனித்த தோற்றம் உருவாகியிருக்கவில்லை. எனவே, கம்பெனி ஆட்சிக்கால மாளிகைகளுக்குப் பழகிப்போன வடிவமே இதற்கும் கொடுக்கப்பட்டது.

பின்வந்த நிலையங்கள் வேறு வழியில் சென்றன. 1873இல் தொடங்கப்பட்ட சென்ட்ரல் நிலையத்தை ஜார்ஜ் ஹார்டிங் கோதிக் பாணியில் வடிவமைத்தார். பின்னர் சிஸ்ஹோம் செய்த மாற்றங்களுடனும் மணிக்கூண்டுடனும் அது 1900இல் நிறைவுற்றது. விக்டோரியா காலம் முடிந்தபின், 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையம் குவிமாடங்களுடன் இந்தோ-சாரசெனிக் பாணியில் எழுந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டில் ரயில்வே கட்டடக்கலை எவ்வாறு மாறியது என்பதை ஒரே நகரின் இம்மூன்று நிலையங்களும் காட்டுகின்றன.

நிலைத்திருந்த காரணம்

பம்பாயில் போக்குவரத்து பெருகியது. போரி பந்தரிலிருந்த முதல் நிலையத்தின் இடத்தில், எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்த விக்டோரியா முனையம் 1878 முதல் 1888 வரை பத்தாண்டுகளில் எழுந்தது. 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது அக்கட்டடத்தையே. அதற்கு முன்பிருந்த எளிய நிலையம் மறைந்துவிட்டது.

சென்னையில் நிகழ்ந்தது வேறு. பெருகிய போக்குவரத்துக்காக இராயபுரம் நிலையம் இடிக்கப்படவில்லை. புதிய முனையம் வேறிடத்தில் கட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்ட்ரல் முதன்மை பெற்றது. 1922இல் ரயில்வே தலைமையகமும் சென்ட்ரலுக்கு அருகிலுள்ள புதிய கட்டடத்துக்கு மாறியது. இராயபுரம் இழந்த முக்கியத்துவமே அதன் கட்டடத்தைக் காத்தது எனலாம்.

இன்றைய நிலை

புறநகர் ரயில்கள் இன்றும் இராயபுரத்தில் நிற்கின்றன. இதனை மீண்டும் நீண்டதூர ரயில்களின் முனையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை வடசென்னையில் பல ஆண்டுகளாக எழுப்பப்படுகிறது. அக்கோரிக்கை நியாயமானதே. எனினும், விரிவாக்கம் வரும்போது பழைய கட்டடத்தைச் சேர்த்தே திட்டமிடுவது இன்றியமையாதது. போரி பந்தரின் முதல் நிலையத்தை இன்று படங்களில் மட்டுமே காண முடியும். அதன் காலத்தைச் சேர்ந்த இராயபுரம் நிலையத்தை இன்னும் நேரில் காணலாம்.